மனத்தில் கூட்டுவோம்



கேமரன் மலையில் பொழுது சாயும்போதே குளிரும் இறங்கிவிடுகிறது. ஹாபுவிலும் சுங்கை பாலாஸிலும் புளூ வேலியிலும் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் கைகால் கழுவிக்கொண்டு அடுப்பில் உலை ஏற்றியிருப்பீர்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை விரித்து வைத்திருப்பார்கள். இன்றைய உரை அந்தப் பிள்ளைகளுக்கும் உரியது. அடுப்பருகே நிற்கும் தாய்மார்களுக்கும் உரியது. எழுதுகோல் வேண்டாம், தாள் வேண்டாம், செய்கிற வேலையை நிறுத்தவும் வேண்டாம். காதை மட்டும் கொடுங்கள், போதும்.

நாம் இன்று பேசப்போவது கூட்டலைப் பற்றி. கூட்டல்தானே, இரண்டாம் ஆண்டுப் பிள்ளை படிக்கிற பாடம்தானே என்று நினைப்பீர்கள். உண்மைதான். ஆனால் 47உம் 38உம் எவ்வளவு என்று யாராவது திடீரென்று கேட்டால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? காற்றிலே விரலால் எழுதிப் பார்க்கிறோம். எட்டும் ஏழும் பதினைந்து, ஐந்தைப் போட்டு, மீதி ஒன்று என்று முணுமுணுக்கிறோம். அந்த ஒன்றை எங்கே வைத்தோம் என்பது அடுத்த கணமே மறந்துபோகிறது. அப்புறம், நமக்குக் கணக்கு வராது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

கணக்கு வராமல் இல்லை. தாளுக்காக ஏற்பட்ட முறையை மனத்துக்குள் செய்ய முயல்கிறோம், அதனால்தான் தடுமாறுகிறோம். மனத்துக்கென்று வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றை எனக்கு முதலில் கற்பித்தவர் பள்ளிக்கூடத்துப் படியையே மிதிக்காத ஒருவர். அவர் என் தாயார்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு மலைத்தோட்டத்து லயத்தில். 1980களின் தொடக்கத்தில் எனக்குப் பத்து வயது இருக்கும். அம்மா கொழுந்து கிள்ளினார். பகலில் இரண்டு மூன்று தடவை நிறுவை நடக்கும். ஒவ்வொரு நிறுவையிலும் தன் கூடையின் எடையை அம்மா காதில் வாங்கிக்கொள்வார். இரவில் சோறு வடிக்கும்போது அவற்றை வாய்க்குள்ளே கூட்டுவார். அன்றைய எடை வந்ததும், அதை நேற்று வரை வந்த எடையோடு சேர்ப்பார். ஆகவே அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது எப்போதும் ஒரே ஓர் எண்தான். சனிக்கிழமை இரவில் என்னைக் கூப்பிட்டு அந்த வாரத்து மொத்தத்தைச் சொல்வார். அடுப்படிக் கதவின் உட்புறத்தில் கரித்துண்டால் அதை எழுதுவது என் வேலை.

ஒரு மாதம் சம்பளச் சீட்டு வந்தது. நான் படித்துக் காட்டினேன். அம்மா கதவைப் பார்க்கச் சொன்னார். நான்கு வாரத்தையும் சேர்த்தால் சீட்டில் இருப்பதைவிடப் பதினெட்டுக் கிலோ கூட வந்தது. மறுநாள் ஆபீஸ் வாசலில் அவர் நின்றபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"கிராணி ஐயா, என் கணக்குலே பதினெட்டுக் கிலோ குறையுது. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார் அம்மா.

"எழுதப் படிக்கத் தெரியாது, நீ எப்படிம்மா கணக்கு வச்சே?" என்று கேட்டார் கிராணி.

"தினமும் ராத்திரி கூட்டி வச்சுக்குவேங்க. வாரா வாரம் பையன் எழுதி வச்சிருக்கான்" என்றார் அம்மா.

கிராணி செக்ரோல் புத்தகத்தை எடுத்து வாரம் வாரமாகக் கூட்டினார். மூன்று வாரம் கதவில் இருந்ததோடு பொருந்தியது. ஒரு வாரம் மட்டும் பதினெட்டுக் குறைந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் 64 என்று இருக்க வேண்டிய இடத்தில் 46 என்று பதிந்திருந்தது. நிறுவைச் சீட்டை எடுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, கை தவறி இலக்கம் இடம் மாறிவிட்டது. அடுத்த சம்பளத்தில் அந்தப் பணம் சேர்ந்து வந்தது.

நேயர்களே, அம்மா தன் கணக்கை வைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பதினெட்டுக் கிலோவின் கூலி போயிருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. "ஏதோ குறையுது போலிருக்கு" என்ற சந்தேகம் மட்டும் மனத்தில் தங்கியிருக்கும். கணக்கு இல்லாத சந்தேகம் இரண்டு பக்கமும் கெடுதல். நம் பணமும் திரும்பி வராது; தவறு செய்யாத மனிதரையும் நாம் திருடன் என்று நினைப்போம்.

இனி அந்த வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி: பெரிய இடத்திலிருந்து தொடங்குவது. தாளில் கூட்டும்போது வலது ஓரத்தில், அதாவது ஒன்றாம் இடத்தில் தொடங்குகிறோம். ஆனால் நாம் எண்ணை வாயால் எப்படிச் சொல்கிறோம்? நாற்பத்தேழு. நாற்பது முதலில், ஏழு பிறகு. இருநூற்று முப்பத்தாறு. நூறு முதலில், பிறகு பத்து, கடைசியில் ஒன்று. மலாயிலும் இதே வரிசைதான். நாக்கு போகிற வழியிலேயே மனமும் போகட்டும்.

47உம் 38உம். நாற்பதும் முப்பதும் எழுபது. ஏழும் எட்டும் பதினைந்து. எழுபதும் பதினைந்தும் எண்பத்தைந்து. அவ்வளவுதான். இங்கே "மீதி ஒன்று" என்ற பேச்சே வரவில்லை.

பெரிய எண்ணைப் பார்ப்போம். 236உம் 148உம். இருநூறும் நூறும் முந்நூறு. முப்பதும் நாற்பதும் எழுபது. ஆக முந்நூற்று எழுபது. ஆறும் எட்டும் பதினான்கு; ஆக முந்நூற்று எண்பத்து நான்கு. ஒவ்வொரு படியிலும் நீங்கள் வைத்துக்கொள்வது ஒரே எண். அது விடையை நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது. நடுவிலே யாராவது கூப்பிட்டுக் கணக்கு நின்றுபோனாலும், முந்நூற்றுச் சொச்சம் என்பதாவது கையில் இருக்கும். வலதுபுறமிருந்து தொடங்கியிருந்தால் கையில் இருப்பது வெறும் நான்கு!

இது நமக்குப் புதிதல்ல. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. 47ஐ ௪௰௭ என்று எழுதினார்கள். நான்கு, பத்து, ஏழு. எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எழுத்திலேயே அமைந்திருந்தது. அந்நாளில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்னும் ஏடுகளை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். எண்களும் பின்னங்களும் பொன்னிலக்கத்தில், தானிய அளவுகள் நெல்லிலக்கத்தில், பெருக்கல் வாய்பாடு எண்சுவடியில். நெல் அளக்கிற களத்திலும் சந்தையிலும் அவர்களுக்கு உதவியது மனக்கணக்கு.

இரண்டாவது வழி: பத்தின் கூட்டாளிகளைத் தேடுவது. ஒன்றுக்கு ஒன்பது, இரண்டுக்கு எட்டு, மூன்றுக்கு ஏழு, நான்குக்கு ஆறு, ஐந்துக்கு ஐந்து. இந்த ஐந்து ஜோடிகள் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் மறக்கக் கூடாது. பத்து விரலையும் நீட்டச் சொல்லுங்கள். மூன்றை மடக்கினால் நிற்பது ஏழு. நான்கை மடக்கினால் நிற்பது ஆறு. சின்னப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

இந்த ஜோடிகள் தெரிந்துவிட்டால், எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் நமக்கு வசதியான வரிசையில் கூட்டலாம். கூட்டலில் முன்பின் மாற்றினால் விடை மாறாது. கூடையில் எந்தக் கொழுந்தை முதலில் போட்டாலும் எடை ஒன்றுதானே!

அம்மாவின் அந்த வாரத்தையே எடுத்துக்கொள்வோம். 64ஐத் தவிர மற்ற நாள்களின் எடை எனக்கு நினைவில் இல்லை. ஆகவே உதாரணத்துக்காக நானே வைத்துச் சொல்கிறேன். திங்கள் 52, செவ்வாய் 58, புதன் 64, வியாழன் 49, வெள்ளி 61, சனி 56.

வரிசையாகக் கூட்டினால் மூச்சு வாங்கும். கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். 52க்கும் 58க்கும் இரண்டும் எட்டும், அவை கூட்டாளிகள். ஐம்பதும் ஐம்பதும் நூறு, மேலே பத்து; ஆக 110. அடுத்து 64க்கும் 56க்கும் நான்கும் ஆறும். அறுபதும் ஐம்பதும் நூற்றுப் பத்து, மேலே பத்து, ஆக 120. மிச்சம் 49உம் 61உம். ஒன்பதும் ஒன்றும் கூட்டாளிகள். நாற்பதும் அறுபதும் நூறு, மேலே பத்து, ஆக 110. இப்போது 110, 120, 110. மொத்தம் 340.

எல்லா வாரமும் இப்படி அழகாக ஜோடி சேராது. இரண்டு சேர்ந்தாலும் லாபம்தான். ஜோடி கிடைத்ததை முதலில் முடித்துவிட்டு, மிஞ்சியதை முதல் வழியில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது வழி: முழு எண்ணுக்குப் போய்த் திரும்புவது. நம் மொழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒன்பது என்ற சொல்லின் வாலில் பத்தின் சாயல் தெரிகிறது. தொண்ணூறு என்ற சொல்லில் நூறு இருக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. சொல்லாராய்ச்சி செய்பவர்கள் இதற்குப் பல விளக்கம் சொல்வார்கள். நமக்கு அது ஒரு நல்ல ஞாபகக்குறி: ஒன்பதைக் கண்டால் பத்தை நினை, தொண்ணூறைக் கண்டால் நூறை நினை.

கடையில் பாருங்கள். 3 வெள்ளி 90 காசு, 5 வெள்ளி 90 காசு, 2 வெள்ளி 95 காசு என்று விலை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 90, 90, 95 என்று காசைக் கூட்டத் தொடங்கினால் குழப்பம்தான். முழு வெள்ளியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு, ஆறு, மூன்று. மொத்தம் பதின்மூன்று வெள்ளி. கூடுதலாக எடுத்தது எவ்வளவு? பத்துக் காசு, பத்துக் காசு, ஐந்து காசு. ஆக இருபத்தைந்து காசு. பதின்மூன்றில் இருபத்தைந்து காசு போனால் 12 வெள்ளி 75 காசு. பொருள் கூடையில் விழும்போதே தொகையும் தெரிந்துவிடும்.

இருபது வெள்ளித் தாளைக் கொடுக்கிறீர்கள். மீதி எவ்வளவு? கழிக்க வேண்டாம், கூட்டிக்கொண்டே போங்கள். 12 வெள்ளி 75 காசோடு 25 காசு சேர்ந்தால் பதின்மூன்று. பதின்மூன்றோடு ஏழு சேர்ந்தால் இருபது. ஆகவே மீதி 7 வெள்ளி 25 காசு. பழைய கடைக்காரர்கள் கல்லாவில் இப்படித்தான் சில்லறையை எண்ணிக் கையில் வைப்பார்கள். அவர்களில் சீனக் கடைக்காரர்கள் மணிச்சட்டம் வைத்திருந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். மணிச்சட்டத்திலும் பெரிய இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். எட்டைக் கூட்ட மணி போதாவிட்டால் பத்தைக் கூட்டி இரண்டைத் தள்ளிவிடுவார்கள். நாம் மனத்தில் செய்வதை அவர்கள் மணியில் செய்தார்கள்.

காசைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2008 ஏப்ரல் 1 முதல் ஒரு காசு நாணயம் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டு, பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்கு மாற்றும் முறை வந்தது. கடைசி இலக்கம் ஒன்று, இரண்டு என்றால் கீழே சுழியம். மூன்று, நான்கு என்றால் மேலே ஐந்து. ஆறு, ஏழு என்றால் கீழே ஐந்து. எட்டு, ஒன்பது என்றால் மேலே பத்து. 27 வெள்ளி 43 காசு என்றால் நாம் கொடுப்பது 27 வெள்ளி 45 காசு. 27 வெள்ளி 42 காசு என்றால் 27 வெள்ளி 40 காசு. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக மாற்றக் கூடாது, மொத்தத்துக்குத்தான் மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதே வழியில் ஒரு சிறிய கிளை உண்டு. அது ஓர் எண்ணிலிருந்து எடுத்து இன்னோர் எண்ணுக்குக் கொடுப்பது. 68உம் 57உம் கூட்ட வேண்டும். 68க்கு இன்னும் இரண்டு இருந்தால் எழுபது ஆகிவிடும். அந்த இரண்டை 57இலிருந்து எடுத்துக் கொடுங்கள். எழுபதும் ஐம்பத்தைந்தும் நூற்று இருபத்தைந்து. ஒரு கூடையில் இருப்பதை எடுத்து இன்னொரு கூடையை நிரப்பினோம். மொத்தம் மாறவில்லை.

நான்காவது வழி தோட்டத்துக்காகவே பிறந்தது என்று சொல்லலாம். ஒருவர் கொழுந்து எடுக்கும் எடை நாளுக்கு நாள் சற்றுக் கூடும், சற்றுக் குறையும். ஆனால் பெரும்பாலும் ஓர் எண்ணைச் சுற்றியே நிற்கும். அந்த நடு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கூடுதல் குறைவை மட்டும் கணக்கிடுங்கள்.

அதே வாரத்தை மறுபடி பார்ப்போம்: 52, 58, 64, 49, 61, 56. எல்லாம் ஐம்பதைச் சுற்றி இருக்கின்றன. ஆறு நாள், ஆறு ஐம்பது முந்நூறு. இப்போது ஐம்பதுக்கு மேலே உள்ளதை மட்டும் சேர்க்கிறோம். திங்கள் இரண்டு. செவ்வாய் எட்டு, ஆக பத்து. புதன் பதினான்கு, ஆக இருபத்து நான்கு. வியாழன் ஒன்று குறைவு; ஆக இருபத்து மூன்று. வெள்ளி பதினொன்று, ஆக முப்பத்து நான்கு. சனி ஆறு, ஆக நாற்பது. முந்நூறும் நாற்பதும் 340. ஜோடி சேர்த்தபோதும் 340தான் வந்தது. இரண்டு வழியில் வந்த விடை ஒன்றாக இருந்தால் அதை நம்பலாம்.

இந்த இடத்தில் அம்மாவின் இன்னொரு கதையையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஒரு நாள் மளிகைக் கடையில், "பில்லு ரெண்டு வெள்ளி கூட வருதே" என்று அம்மா சொல்லிவிட்டார். கடைக்காரர் கோபப்படவில்லை. பொருளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கூட்டிக் காட்டினார். அம்மா ஒரு சவர்க்காரக் கட்டியை விட்டுவிட்டிருந்தார். எல்லார் முன்னிலையிலும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். தலையிலிருந்து ஒரு தடவை கூட்டுவார். வாலிலிருந்து ஒரு தடவை கூட்டுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் வாயைத் திறப்பார். ஆபீஸ் வாசலில் அவர் குரல் நடுங்காமல் இருந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஒரே வழியில் இரண்டு தடவை கூட்டினால் அதே தவறை இரண்டு தடவையும் செய்வோம். அதனால்தான் வழியை மாற்ற வேண்டும், அல்லது வரிசையை மாற்ற வேண்டும்.

சரி, நம் கணக்கும் சீட்டும் ஒத்துவரவில்லை. தவறு எங்கே இருக்கும்? இதற்கு ஒரு நல்ல குறிப்பு உண்டு. கணக்கு எழுதுகிறவர்கள் இதை வெகுகாலமாகக் கையாண்டு வருகிறார்கள். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 64க்குப் பதில் 46, வித்தியாசம் பதினெட்டு. 72க்குப் பதில் 27, வித்தியாசம் நாற்பத்தைந்து. 51க்குப் பதில் 15, வித்தியாசம் முப்பத்தாறு. எல்லாமே ஒன்பதின் மடங்கு.

ஏன் அப்படி? 64இல் உள்ள ஆறு, அறுபதாக இருந்தது. இடம் மாறியதும் வெறும் ஆறாகிவிட்டது. ஐம்பத்து நான்கு போயிற்று. நான்காக இருந்தது நாற்பது ஆகிவிட்டது, முப்பத்தாறு வந்தது. போனதற்கும் வந்ததற்கும் இடையே பதினெட்டு. பத்தாம் இடத்துக்கும் ஒன்றாம் இடத்துக்கும் நடுவே இலக்கம் நகரும்போதெல்லாம் ஒன்பது ஒன்பதாகத்தான் கூடும், குறையும். இது ஒரு துப்புத்தான், தீர்ப்பு அல்ல. வேறு தவறாலும் ஒன்பதின் மடங்கு வரலாம். ஆனாலும் தேடவேண்டிய முதல் இடத்தை அது காட்டிவிடும்.

வித்தியாசம் சரியாகப் பத்து அல்லது நூறு என்றால் வேறு குறிப்பு. கூட்டும்போது "மீதி ஒன்றை" யாரோ விட்டுவிட்டிருக்கலாம். அது அவர்களாகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம்.

இப்போது சிலர் கேட்பார்கள்: "இன்றைக்கு நிறுவைக்கு மின்தராசு இருக்கிறது. கையில் கைப்பேசி இருக்கிறது. அதிலே கணக்குப் போடும் வசதி இருக்கிறது. இந்தத் தொல்லை எதற்கு?" நல்ல கேள்வி. கைப்பேசி கூட்டலில் தவறு செய்யாது. ஆனால் நம் விரல் தவறு செய்யும். 64ஐ 46 என்று அழுத்தினால் அது 46ஐத்தான் கூட்டும். 52 என்பதில் ஒரு ஐந்து கூட விழுந்தால் 552 ஆகிவிடும். ஆறு நாள், நாளுக்கு ஐம்பதுக்கு மேல். ஆகவே முந்நூற்றுச் சொச்சம் வர வேண்டும் என்று மனம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால், 840 என்று திரை காட்டும்போது உடனே நிமிர்ந்து பார்ப்போம். ஆகவே கைப்பேசியை உபயோகிப்பதில் தவறில்லை. உத்தேச விடையை மனத்தில் வைத்துக்கொண்டு உபயோகியுங்கள்.

சம்பளச் சீட்டிலும் அப்படியே. நம் நாட்டில் 2025 பிப்ரவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 60 வயதுக்கு உட்பட்ட மலேசியத் தொழிலாளியின் ஊழியர் சேமநிதிப் பங்கு 11 விழுக்காடு. இதைக் கேட்டதும் பலர் பயந்துவிடுவார்கள். இதுவும் ஒரு கூட்டல்தான். 1,700இல் பத்தில் ஒரு பங்கு 170. நூறில் ஒரு பங்கு 17. இரண்டையும் கூட்டுங்கள். நூற்று எழுபதும் பதினேழும் 187. சீட்டில் சேமநிதி வரியில் அந்த எண் இருக்கிறதா என்று பத்தாம் வகுப்புப் படித்தவர்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. நீங்களே பார்க்கலாம்.

கடைசியாகப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேசில் நாட்டில் ரெசிஃபி என்ற நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். அந்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பதினைந்து வயது. விற்பனையின்போது அவர்கள் மனத்தில் போட்ட கணக்கில் நூற்றுக்குச் சுமார் 98 சரியாக இருந்தது. பிறகு அதே பிள்ளைகளிடம் அதே மாதிரிக் கணக்கைப் பள்ளிக்கூட முறையில் வெறும் எண்களாகக் கொடுத்தார்கள். நூற்றுக்குச் சுமார் 37தான் சரியாக வந்தது. தெருவில் மூன்று காயின் விலையைத் தெரிந்துகொண்டு, அதோடு இன்னொரு மூன்று, இன்னொரு மூன்று என்று அடுக்கிக்கொண்டே போன பிள்ளை, தாளைக் கண்டதும் தன் வழியை விட்டுவிட்டு, அரைகுறையாகத் தெரிந்த விதியைத் தேடித் தடுமாறியது.

இதிலிருந்து பள்ளிக்கூட முறை வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட கணக்குக்குத் தாள் வேண்டும், தேர்வுக்கும் வேண்டும். ஆனால் பிள்ளை 47உம் 38உம் எண்பத்தைந்து என்று தன் வழியில் சொல்லும்போது, "டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி ஏன் செய்யலே?" என்று அதட்டாதீர்கள். "எப்படிடா கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். அவன் சொல்லச் சொல்ல அவனுக்கே தன் வழி தெளிவாகும். தவறாக இருந்தால் எந்த இடத்தில் தவறினான் என்பது உங்களுக்கும் தெரியும். வேகத்தைக் கேட்காதீர்கள். நிதானமாகச் சரியாகச் சொல்கிற பிள்ளைக்கு வேகம் தானே வந்து சேரும்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எனக்குப் படிப்பில்லை, பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று நினைக்காதீர்கள். சீட்டுப் பணத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, அரிசி எத்தனை நாள் தாங்கும், பள்ளி வேனுக்கு எவ்வளவு கொடுப்பது என்று தினமும் மனத்தில் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதை வாய்க்குள் கூட்டாமல் பிள்ளையின் காதில் விழும்படி கூட்டுங்கள். எனக்கு அப்படித்தான் கணக்கு வந்தது.

முடிப்பதற்கு முன் மூன்று கணக்குத் தருகிறேன். முதலாவது: 28, 45, 32. இந்த மூன்றையும் கூட்டுங்கள். எந்த இரண்டை முதலில் சேர்ப்பீர்கள்? இரண்டாவது: 6 வெள்ளி 90 காசு, 4 வெள்ளி 95 காசு, 8 வெள்ளி 90 காசு. மொத்தம் எவ்வளவு? மூன்றாவது: ஒரு வாரத்து எடை 48, 53, 50, 47, 56, 52. மொத்தம் எத்தனை கிலோ?

விடைகளை நான் சொல்லப்போவதில்லை. வீட்டில் இரண்டு பேர் இரண்டு வழியில் கூட்டிப் பாருங்கள். இருவர் விடையும் ஒத்துவந்தால் நம்பலாம். ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தைப் பார்த்துத் தவறு எங்கே என்று தேடுங்கள். அந்தத் தேடலும் பாடம்தான்.

அம்மா எழுதக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆனால் அந்த அடுப்படிக் கதவில் வாரா வாரம் ஓர் எண் ஏறிக்கொண்டே இருந்தது. உங்கள் வீட்டிலும் இந்தச் சனிக்கிழமை இரவு ஓர் எண் எழுதப்படட்டும். எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். சொல்வது நீங்களாக இருங்கள்.